லேப்டாப் பாடிக்கு ஸ்கின், ஸ்டிக்கர், பாதுகாப்பு: முழுமையான வழிகாட்டி

லேப்டாப் என்றதும் கைதவறிக் கீழே போட்டுவிடுவோமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். மூன்று நான்கு வருடம் உழைத்த ஒரு மெஷினை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேல் மூடியில் சார்ஜர் அடாப்டர் உரசிய கோடுகள், உள்ளங்கை படிகிற இடத்தில் சாயம் போன திட்டு, ஹிஞ்ச் (மூடியைப் பிணைக்கும் கீல்) மூலையில் மயிரிழை விரிசல். அடியில் ரப்பர் கால் ஒன்று காணாமல் போயிருக்கும். இதில் ஒன்றுகூட விழுந்ததால் வந்ததில்லை. பைக்குள் இருக்கும் மணல், கையின் வியர்வை, ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கிற பழக்கம், மூன்றும் சேர்ந்து செய்த வேலை.

இந்தத் தினசரித் தேய்மானத்துக்கு ஸ்கின் எனும் மெல்லிய படலம், சரியான பை, ஹிஞ்சுக்குக் கொஞ்சம் கவனம் ஆகியவையே போதும். அழகுபடுத்துவதையும் அதே படலத்தின் மேல் செய்துகொள்ளலாம். நான் கறாராகப் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: எதை ஒட்டினாலும் சில வருடம் கழித்து அதைத் தடயமில்லாமல் உரித்தெடுக்க முடிய வேண்டும்.

முதலில் உங்கள் மெஷினைப் பாருங்கள்

சர்வீஸ் கடைகளில் லேப்டாப் பாடியை நான்கு பேனலாகப் பிரித்துப் பேசுவார்கள். மூடியின் வெளிப்பக்கம் ஏ பேனல். திரையைச் சுற்றியுள்ள சட்டம் பி. கீபோர்டும் உள்ளங்கை வைக்கும் பகுதியும் (பாம் ரெஸ்ட்) சேர்ந்தது சி. அடிப்பாகம் டி. ஸ்கின் கேட்கும்போதும் உடைந்த பாகத்தை மாற்றும்போதும் இந்தப் பெயர்களைச் சொன்னால் கடைக்காரருக்குச் சட்டென்று புரியும்.

நான்கும் ஒரே பொருளால் ஆனவை என்று நினைத்துவிடாதீர்கள். ஏ பேனல் அலுமினியமாகவும் டி பேனல் பிளாஸ்டிக்காகவும் இருப்பது சகஜம். அணைத்து ஆறியிருக்கும் மெஷினைத் தொட்டதும் ஜில்லென்று இருந்தால் உலோகம். மேக்புக் போன்றவற்றின் அலுமினியத்துக்கு மேலே அனோடைசிங் என்ற மின்வேதி முறையில் வளர்த்த ஆக்சைடு அடுக்கு இருக்கும். கடினமான அடுக்குதான், ஆனால் அதன் கனம் மைக்ரான் கணக்கில். சாயம் அந்த அடுக்கின் நுண்துளைகளுக்குள் தங்கியிருக்கிறது. சாவி ஆழமாகக் கீறினால் உள்ளிருக்கும் வெள்ளி நிறம் தெரியும், பிறகு டச்-அப் செய்து மறைக்க முடியாது. வியர்வையில் இருக்கும் உப்பு இதே அடுக்கைத்தான் மெல்ல அரித்து, பாம் ரெஸ்டில் ஊசி குத்தியது போன்ற புள்ளிகளை உண்டாக்குகிறது.

பிளாஸ்டிக் பாடிகள் பெரும்பாலும் ஏபிஎஸ், பாலிகார்பனேட் கலவை. சில பழைய மாடல்களில் தொட்டால் மெத்தென்று இருக்கும் ரப்பர் பூச்சு ஒன்று கொடுத்திருப்பார்கள். அது பாலியூரித்தேன் வகை. ஈரப்பதம் பட்டுப்பட்டு வருடங்கள் போகப்போகச் சிதைந்து பிசுபிசுவென்று கையில் ஒட்ட ஆரம்பிக்கும். கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை சீக்கிரமே வரும். அதன் மேல் எந்த ஸ்கின்னும் நிற்காது. என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

ஒட்டுவதற்கு முன் ஒரு பரிசோதனை கட்டாயம். மெஷினை மூடி, மட்டமான மேஜையில் வைத்து எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்துங்கள். முன்பு ஆடாத மெஷின் இப்போது ஆடினால், டச்பேட் மேலே தூக்கியிருந்தால் அல்லது கிளிக் ஆக மறுத்தால், மூடி சரியாகச் சேரவில்லை என்றால், பேட்டரி உப்பியிருக்கலாம். லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்வதால் வருவது இது. உடனே அணைத்து, சார்ஜ் போடாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அதை ஸ்கின் போட்டு மறைப்பதும் அழுத்தி மூடுவதும் தீ விபத்து வரை கொண்டுபோகும்.

அடுத்தது மாடல் எண். "எச்பி 15", "மேக்புக் ஏர்" என்ற பெயர் மட்டும் போதாது. அடியில் பொடி எழுத்தில் இருக்கும் முழு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏ2337 என்பது 2020-இல் வந்த எம்1 ஏர், ஏ2681 என்பது 2022-இல் வந்த எம்2 ஏர். முதலாவது ஒரு பக்கம் சரிந்து மெலியும் ஆப்பு வடிவம், இரண்டாவது முழுக்கத் தட்டை. பெயர் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் ஸ்கின் மற்றொன்றில் உட்காராது.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் ஐடி டீமிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அசெட் டேக் எனும் கம்பெனி அடையாள ஸ்டிக்கர், சீரியல் எண் ஸ்டிக்கர் இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் மூட வேண்டாம்.

ஹார்ட் கேஸ் வேண்டுமா?

என் பதில், பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். மேலும் கீழும் கிளிப்பில் மாட்டும் பாலிகார்பனேட் ஓடு பார்க்கப் பலமாகத் தெரியும். ஆனால் மேல் பாதியின் எடை முழுக்க ஹிஞ்சின் தலையில் விழுகிறது. மூடியின் எடைக்கேற்ப அளந்து அமைத்த ஹிஞ்ச் அது. எடை கூடினால் மூடி தானாகப் பின்னால் சாய ஆரம்பிக்கும். கேஸுக்கும் பாடிக்கும் நடுவே புகுந்த மணல் வெளியே வர வழியில்லாமல் ஒவ்வொரு அசைவிலும் அரைத்துக்கொண்டே இருக்கும். கீறல் வராமல் இருக்க மாட்டிய கேஸைக் கழற்றும்போது அடியில் கீறல் கோலம் போட்டிருக்கும்.

சூடு இன்னொரு விஷயம். எம்1 ஏரில் ஃபேனே கிடையாது, சூடு பாடி வழியாகத்தான் வெளியேற வேண்டும். அடியில் பிளாஸ்டிக் ஓடு போட்டால் வெயில் காலத்தில் மெஷின் சீக்கிரமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பள்ளிக்கூடப் பையில் சாப்பாட்டு டப்பாவோடு போகிற லேப்டாப்புக்கு மட்டும் கேஸைப் பரிந்துரைப்பேன். அதையும் மாதம் ஒருமுறை கழற்றி இரு பக்கமும் துடைக்க வேண்டும்.

கீபோர்டின் மேல் விரிக்கும் சிலிக்கான் உறை, கேமராவை மறைக்க நகர்த்தும் பிளாஸ்டிக் மூடி ஆகியவற்றிலும் கவனம் வேண்டும். இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் மூடிய பிறகு திரைக்கும் கீபோர்டுக்கும் இடையே இடைவெளியே இல்லை என்று சொல்லலாம். கேமராவை மூடும் எதையும் வைத்துக்கொண்டு மேக்புக்கை மூடாதீர்கள், திரை சேதமாகும் என்று ஆப்பிள் 2020-இல் எச்சரித்தது. கேமராவை மறைத்தே ஆக வேண்டும் என்றால் அந்த மறைப்பின் கனம் சாதாரண பிரிண்டர் காகிதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 0.1 மில்லிமீட்டர். இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாடியின் உட்பக்கம் எதை ஒட்டினாலும் இதுதான் வரம்பு.

எந்த ஃபிலிம் வாங்குவது

ஸ்கின் என்று விற்பதில் பெரும்பாலானவை வினைல், அதாவது பிவிசி படலம். அதில் இரண்டு ரகம் உண்டு. உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துத் தட்டையாக்குவது காலண்டர்டு. திரவமாக ஊற்றிக் காயவைப்பது காஸ்ட். இழுத்துச் செய்த படலத்தில் இழுவிசை தங்கியிருக்கும். சூடு படப்பட அது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். சில மாதத்தில் ஓரம் உள்வாங்கி, சுற்றிலும் கருப்பாகத் தூசி ஒட்டிய பசைக் கோடு தெரிவது இதனால்தான். காஸ்ட் படலம் ஒட்டிய இடத்திலேயே கிடக்கும்.

கார் ராப் செய்ய, அதாவது காரின் மேல் முழுக்கப் படலம் ஒட்டப் பயன்படுத்தும் 3எம் நிறுவனத்தின் 2080 வரிசை, ஏவரி டெனிசனின் சுப்ரீம் ராப்பிங் ஃபிலிம் ஆகியவை காஸ்ட் ரகம். லேப்டாப்புக்கு இதைவிட நல்ல பொருள் தேவையில்லை. பசையோடு சேர்த்தே கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். பின்காகிதத்தை உரித்துப் பசைப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் நுணுக்கமான கட்டம் தெரியும். காற்று வெளியேறுவதற்கான வாய்க்கால்கள் அவை. அந்தக் கட்டம் இருந்தால் குமிழிக்குப் பயப்பட வேண்டாம்.

எங்கே வாங்குவது? அதிகம் விற்கும் மாடல் என்றால் அளவெடுத்து வெட்டிய ரெடிமேட் ஸ்கின் ஆன்லைனில் கிடைக்கும். மற்ற மாடல்களுக்கு என் முதல் யோசனை கார் ராப் செய்யும் கடை. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெடிமேட் ஸ்கின் பார்த்துவிட்டு, அப்படியே பக்கத்தில் ஜி.பி. ரோட்டில் கார் ஆக்சசரி கடைகளையும் ஒரு சுற்று வந்துவிடலாம். மற்ற ஊர்களில் வண்டிக்கு ரேடியம் ஒட்டும் கடையில் விசாரியுங்கள். "அண்ணே, கார் ராப் பண்ற ஃபிலிம்ல கட் பீஸ் இருக்கா? லேப்டாப்புக்கு." ஒரு கார் வேலை முடிந்தால் மிஞ்சும் துண்டே உங்களுக்குத் தாராளம். 15.6 அங்குல லேப்டாப்பின் மூடி ஏறக்குறைய 36க்கு 24 சென்டிமீட்டர். ஏ4 தாள் போதாது, ஏ3 அளவில் அடங்கிவிடும். சாதாரண ரேடியம் ஸ்டிக்கரையே தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் பசை உரிக்கும்போது பாடியிலேயே தங்கிவிடும்.

நிறம் உங்கள் விருப்பம். ஆனால் மேற்பரப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பளபளப்பான கறுப்பு கடையில் அழகாக இருக்கும். வீட்டில் ஒவ்வொரு விரல் ரேகையையும் காட்டிக் கொடுக்கும். முதல் தடவை ஒட்டுபவர்களுக்கு மேட், அல்லது கார்பன் ஃபைபர் போலச் சொரசொரப்பானது. சின்னத் தூசி உள்ளே மாட்டினாலும் வெளியே தெரியாது. கார்பன் தோற்றமுள்ள ஃபிலிம் வெறும் பிவிசிதான் என்பதால் வைஃபை சிக்னலுக்கு இடைஞ்சல் இல்லை. கண்ணாடியாக மின்னும் குரோம் ரகங்களில் உலோகப் பூச்சு இருக்கலாம், ஒட்டும் உலோகத் தகடுகளும் கிடைக்கின்றன. உலோக பாடி லேப்டாப்பில் மூடியின் விளிம்பிலோ ஹிஞ்ச் அருகிலோ ஒரு பிளாஸ்டிக் பட்டை தெரிந்தால் ஆன்டெனா அநேகமாக அதன் பின்னால்தான். அந்த இடத்தில் உலோகம் எதுவும் வர வேண்டாம்.

அச்சு எடுப்பது

ரெடிமேட் ஸ்கின் வாங்கியவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். மற்றவர்களுக்கு இதுதான் பாதி வேலை.

ஸ்கேல் வைத்து அளந்தால் மூலையின் வளைவு பிடிபடாது. ஒரு பெரிய பட்டர் பேப்பர் எடுத்து மூடியின் மேல் விரித்து, நடுவில் இரண்டு இடத்தில் மாஸ்கிங் டேப் போட்டு நகராமல் செய்யுங்கள். பென்சிலைப் படுக்கவைத்து விளிம்பின் மேல் லேசாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். நாணயத்தின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்து அச்சு எடுப்போமே, அதே வித்தைதான். விளிம்பு, மூலை வளைவு, கம்பெனி லோகோ, மூடியின் ஓரத்தில் இருக்கும் மைக் துளை எல்லாமே காகிதத்தில் பதிந்துவிடும்.

பதிந்த கோட்டுக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். வெட்ட வேண்டியது இந்த உள் கோட்டில். விளிம்பு வரை முழுக்க ஒட்டினால் பையிலிருந்து உருவும் ஒவ்வொரு தடவையும் ஓரம் உரசித் தூக்கும். கொஞ்சம் உள்ளே நின்றால் பல வருடம் அசையாது. மூலைகளைக் கூராக விடாதீர்கள். மெஷினுடைய வளைவுக்குப் பொருந்தும் ஒரு நாணயத்தை வைத்து வரைந்து உருட்டிவிடுங்கள். கூர் மூலைதான் முதலில் உரியும்.

லோகோ மேடாக இருந்தால் அந்த வடிவத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். மேட்டின் மேல் இழுத்து ஒட்டிய படலம் சுற்றிலும் காற்றுப் பிடித்து நிற்கும். தட்டையான லோகோவை மறைப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். தின்க்பேட் மூடியில் ஐ எழுத்தின் சிவப்புப் புள்ளி எரியும் மாடல் வைத்திருப்பவர்கள் அதை மறைத்துவிடாதீர்கள்.

அச்சை ஃபிலிமின் பின்காகிதத்தில் ஒட்டி, மேஜையில் பழைய அட்டையை விரித்து, ஸ்டீல் ஸ்கேலும் புது பிளேடு போட்ட கட்டரும் வைத்து வெட்டுங்கள். பின்பக்கத்திலிருந்து வெட்டுவதால் அச்சைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிவைக்க வேண்டும். லோகோ ஒரு பக்கமாக இருக்கும் மாடல்களில் இது முக்கியம். லேப்டாப் மேல் ஃபிலிமை ஒட்டிவிட்டு அங்கேயே கட்டரால் ஓரம் வெட்டுவதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். தேர்ந்த கை அது. நம் கையில் அது அனோடைசிங்கில் கோடு போட்டுவிடும்.

ஒட்டும் நாள்

மெஷினை ஸ்லீப்பில் போடாமல் முழுக்க ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, ஆறவிடுங்கள். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். இந்த வேலையின் முதல் எதிரி அந்த ஃபேன் கிளப்பும் தூசிதான். தரையைப் பெருக்கியிருந்தால் அரை மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள்.

70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து மூடியைத் துடையுங்கள். துணியில்தான் ஊற்ற வேண்டும், மெஷின் மேல் நேரடியாக ஸ்பிரே செய்யக் கூடாது. நடுப்பகுதி பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். கையெண்ணெய் முழுக்க விளிம்பில்தான். திறக்கும்போது விரல் படும் முன் ஓரத்தை இரண்டு முறை துடையுங்கள். காய்ந்ததும் டார்ச்சைப் படுக்கவைத்து அடித்துப் பார்த்தால் மிச்சமிருக்கும் தூசி நிழலோடு தெரியும். மாஸ்கிங் டேப்பின் பசைப் பக்கத்தால் அவற்றை ஒற்றி எடுங்கள்.

இப்போது பின்காகிதத்தை உரிக்காமலே ஃபிலிமை மூடியின் மேல் வைத்து நான்கு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கும்படி நகர்த்துங்கள். இடம் சரியானதும் நடுவில், இடமிருந்து வலமாக, ஒரு நீளமான மாஸ்கிங் டேப் போட்டு ஃபிலிமை மூடியோடு கட்டிவிடுங்கள். இந்த டேப்தான் முழு வேலையின் ரகசியம். ஒரு பாதியை மேலே மடித்து, அந்தப் பாதியின் பின்காகிதத்தை மட்டும் உரித்து, நடுக்கோட்டில் கத்தரித்து எடுங்கள். மறு பாதி டேப்பில் அசையாமல் நிற்பதால் உரித்த பாதி கோணலாக விழ வழியே இல்லை.

உரித்த பாதியைக் கையில் இழுத்துப் பிடிக்காமல் தளர்வாக ஏந்திக்கொண்டு, நடுக்கோட்டிலிருந்து விளிம்பை நோக்கி அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். பழைய ஏடிஎம் கார்டில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி அதனால் தள்ளலாம். அழுத்தத்தில் கவனம். மூடிக்கு அடியில் இருப்பது எல்சிடி பேனல். மெல்லிய மூடியில் காரைத் தேய்ப்பது போல அழுத்தினால் திரையில் வெள்ளைத் திட்டுகள் நிரந்தரமாக வந்துவிடும். படலத்தை உட்காரவைக்கத் தேவையான அழுத்தம் மிகக் குறைவு. விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துகிறீர்கள் என்றால் அது அதிகம்.

பாதி முடிந்ததும் டேப்பை எடுத்துவிட்டு மறு பாதியையும் அதேபோல் இறக்குங்கள்.

குமிழி வந்தால் பதறாதீர்கள். பெரியதை விரலால் அருகிலுள்ள ஓரத்துக்கு ஓட்டுங்கள். கடுகளவு குமிழிகள் சில நாளில் தானே அடங்கும். குமிழிக்குள் மணல் தெரிந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மெல்லத் தூக்கி, துகளை டேப்பால் எடுத்துவிட்டுத் திரும்பப் படுக்கவையுங்கள். கோணல் தெரிந்தாலும் இதே வழிதான். முதல் சில நிமிடங்கள் பசை விட்டுக்கொடுக்கும்.

கடைசியாக ஓரங்களுக்கு ஹேர் டிரையர். குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரத்துக்குச் சில வினாடி காட்டிவிட்டு விரலால் அழுத்துங்கள். அவ்வளவு போதும். ராப் கடைகளில் வைத்திருக்கும் ஹீட் கன் 300 டிகிரிக்கு மேல் போகும் கருவி. பேட்டரியும் எல்சிடியும் உள்ள ஒரு பொருளின் பக்கத்தில்கூட அது வரக் கூடாது. சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டும் முறையும் கார் கண்ணாடியோடு நிற்கட்டும். லேப்டாப்பில் அந்தத் தண்ணீர் ஹிஞ்ச் வழியாக உள்ளே போகும்.

அழுத்தத்தில் ஒட்டும் இந்த வகைப் பசைக்கு நேரம் ஆக ஆகத்தான் பிடிப்பு ஏறும். ஒரு நாள் முழுக்கப் பைக்குள் திணிக்காமல் வைத்திருங்கள்.

மற்ற பேனல்கள்

சி பேனலில் ஒட்டுவது மாடலைப் பொறுத்தது. மேக்புக் போன்ற மெல்லிய மெஷின்களில் பாம் ரெஸ்டிலோ கீபோர்டிலோ எந்தப் பொருளையும் விட்டுவிட்டு மூடக் கூடாது என்பது ஆப்பிளின் பொதுவான அறிவுரை. அங்கே வெறுமனே விட்டு, வேலை முடிந்ததும் ஈரத்துணியால் வியர்வையைத் துடைப்பதுதான் நல்லது. திரையைச் சுற்றித் தடித்த ரப்பர் விளிம்பு உள்ள மெஷின்களில் இரண்டு கைக்கும் இரண்டு துண்டு காஸ்ட் ஃபிலிம் போடலாம். டச்பேட், கைரேகை சென்சார், ஸ்பீக்கர் துளைகள், மைக் ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

டி பேனலை முழுக்க மூட நான் யாருக்கும் சொல்வதில்லை. காற்று இழுக்கும் துளைகள், ஸ்க்ரூக்கள், சீரியல் எண் எல்லாம் அங்கேதான். அடியை யாரும் பார்ப்பதும் இல்லை.

காந்தம் உள்ள எதையும் ஒட்டாதீர்கள். மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதை லேப்டாப் பெரும்பாலும் ஒரு சிறு காந்தத்தையும் அதை உணரும் ஹால் சென்சாரையும் வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. தவறான இடத்தில் காந்தம் வந்தால் வேலை நடுவிலேயே திரை அணைந்து ஸ்லீப்புக்குப் போய்விடும்.

ஸ்டிக்கர் பிரியர்களுக்கு

பாடியில் நேரடியாக ஒட்டாமல், முதலில் ஒற்றை நிற ஸ்கின் அல்லது நிறமில்லாத படலம் போட்டு அதன் மேல் ஒட்டுங்கள். லேப்டாப் மாற்றும் நாளில் மொத்தமாக ஒரே உரிப்பில் வந்துவிடும். காகித ஸ்டிக்கர் வேண்டாம், ஈரக்கை பட்டால் நார் நாராகப் போகும். ஸ்டிக்கரின் கால் பக்கம் ஹிஞ்சைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் மூடியைத் திறந்து வேலை செய்யும்போது எதிரே இருப்பவருக்கு நேராகத் தெரியும்.

பழைய பசையும் பிசுபிசுப்பும்

ஸ்டிக்கர் உரித்த இடத்தில் பசை தங்கினால் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, விரல் நுனியால் உருட்டி எடுங்கள். பிறகு ஆல்கஹால் துணியால் எண்ணெயைப் போக்குங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், டூத் பேஸ்ட் இரண்டும் மேட் பரப்பில் பளபளக்கும் திட்டை உண்டாக்கும், அது திரும்பப் போகாது.

பிசுபிசுத்துப்போன ரப்பர் பூச்சுக்கு ஒரே வழி அதை முழுக்க நீக்குவது. ஆல்கஹால் நனைத்த துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் கறுப்பு மெழுகு போல வந்துவிடும். பொறுமை வேண்டும், துணியும் நிறைய வேண்டும். அடியில் சாதாரண பிளாஸ்டிக் தெரிந்ததும் நிறுத்தி, அதன் மேல் ஸ்கின் போடலாம். பழைய மெஷின் புதுசாகத் தெரிவது இந்த இடத்தில்தான்.

பெயின்ட், லேசர்

இரண்டுமே திரும்ப வர முடியாத வழிகள். ஸ்பிரே பெயின்ட் அடிக்க வேண்டுமானால் மூடியை முழுக்கக் கழற்றித் தனி ஓடாக்கி, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்து, மெல்லிய பூச்சுகளாகப் போட வேண்டும். ஹார்ட்னர் கலக்கும் டூ-கே கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற, மூச்சில் போனால் ஆபத்தான வேதிப்பொருள் உண்டு. சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வாரண்டி உள்ள மெஷினில் இதைத் தொடவே வேண்டாம்.

லேசர் எழுத்து அனோடைஸ்டு அலுமினியத்தில் மிக அழகாக வரும். சாயத்தை மட்டும் எரித்து வெளிர் கோடாக நிற்கும். ஆனால் பிளாஸ்டிக் மூடியில் வேண்டாம், பேட்டரி இருக்கும் கீழ்ப்பாகத்தில் வேண்டவே வேண்டாம். விற்கும்போது உங்கள் பெயர் பொறித்த லேப்டாப்புக்கு விலை குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹிஞ்ச், ரப்பர் கால், பை

பிளாஸ்டிக் பாடி லேப்டாப்களில் ஹிஞ்சின் ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை மரைகளில்தான் மாட்டியிருக்கும். ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் முறுக்கு முழுக்க ஒரு பக்கத்து மரையின் மேல் விழும். நடுவில் பிடித்துத் திறங்கள். திறக்கும்போது நறநறவென்று சத்தம் வந்தாலோ, ஹிஞ்ச் பக்கம் பாடி வாய் பிளந்தாலோ அன்றோடு திறப்பதை நிறுத்திச் சர்வீஸுக்குக் கொடுங்கள். இறுகிய ஹிஞ்சைத் தளர்த்துவது சின்ன வேலை. மரை பிய்ந்துவிட்டால் அரால்டைட் வகை எபாக்சியால் மீண்டும் பதிக்க வேண்டும், அல்லது பேனலையே மாற்ற வேண்டும். ஃபெவிக்விக் விடாதீர்கள். அதிர்வில் பொரிந்து உதிரும், ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளை பூத்துவிடும்.

ரப்பர் கால் போனால் காற்றோட்டத்துக்கான உயரமும் போகிறது. ஒட்டும் சிலிக்கான் கால்கள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மற்றக் கால்களின் உயரத்துக்குச் சமமாகப் பார்த்து வாங்குங்கள். சில மாடல்களில் காலுக்கு அடியிலேயே ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், அங்கே சூப்பர் க்ளூ போட்டு மூடிவிடாதீர்கள்.

பையில் லேப்டாப்புக்கு உறை, அடாப்டருக்குத் தனி அறை. மூடியில் விழும் கீறல்களில் பெரும்பங்கு அந்த அடாப்டரால் வருவது. உறையை மாதம் ஒருமுறை உள்புறம் வெளியே திருப்பி உதறுங்கள். ஸ்லீப்பில் இருக்கும் மெஷினை உறைக்குள் போட்டால் உள்ளே விழித்துக்கொண்டு சூடேறும் வாய்ப்பு உண்டு, அதனால் நீண்ட பயணத்துக்கு ஷட் டவுன் செய்துவிடுங்கள். பெட்டியில் மில்-எஸ்டிடி-810எச் என்று அமெரிக்க ராணுவச் சோதனைத் தரத்தின் பெயர் போட்டிருந்தாலும் இதெல்லாம் தேவைதான். அது குறிப்பிட்ட சோதனைகளில் தேறியதற்கான அடையாளம், கீறலுக்கும் தேய்மானத்துக்கும் உத்தரவாதம் கிடையாது.

உரிக்கும் முறை

ஸ்கின் மாற்றும் நாள் வந்ததும் மெஷினை அணைத்து, ஒரு மூலையில் ஹேர் டிரையரைச் சில வினாடி காட்டுங்கள். நகத்தால் மூலையைத் தூக்குங்கள். பிளேடோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம். தூக்கிய ஓரத்தை மேல்நோக்கி இழுக்காமல், படலத்தின் மேலேயே மடக்கிக் கிடைமட்டமாக மெதுவாக இழுத்தால் பசையும் கூடவே வந்துவிடும். இழுவை கனமானால் நிறுத்தி அந்த இடத்துக்குக் கொஞ்சம் சூடு காட்டுங்கள். முழுக்க வந்ததும் ஆல்கஹால் துணியால் ஒரு துடைப்பு. மூடிய பகுதிக்கும் விளிம்பில் விட்ட 1 மில்லிமீட்டருக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரிந்தால், அடுத்த ஸ்கின்னைப் பழைய அச்சின் அதே அளவில் வெட்டுங்கள். பட்டர் பேப்பர் அச்சைத் தூக்கிப் போடாமல் லேப்டாப் வாங்கிய பில்லோடு சேர்த்து வைத்திருந்தால் அப்போது பத்து நிமிட வேலைதான்.